காணாமல் போன ‘காண்க’ அட்டை

“நெட்டுல தேடிப் பாத்தாச்சு, ஒண்ணுமே கிடைக்கல” என்று யாராவது சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்ன வார்த்தை போட்டுத் தேடினீர்கள்? பெரும்பாலும் விடை எங்கோ இருந்திருக்கும். அதை எழுதியவர் வேறொரு சொல்லில் எழுதி வைத்திருப்பார்.

பழைய நூலகங்களில் சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட அட்டைப் பெட்டி ஒன்று இருக்கும். ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஒன்றோ இரண்டோ. இவற்றுக்கு நடுவே எந்தப் புத்தகத்தையும் குறிக்காத அட்டைகளும் உண்டு. ‘சர்க்கரை நோய், காண்க: நீரிழிவு’ என்று ஒற்றை வரி மட்டும் இருக்கும். வாசகர் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் சரியான இழுப்பறைக்குப் போய்ச் சேரட்டும் என்று நூலகர் முன்கூட்டியே யோசித்துச் செருகியது அது. 1931-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த விதி அட்டை வடிவம் எடுத்தால் ‘காண்க’ என்றுதான் தொடங்கும்.

இணையத்துக்குள் ஏடுகளெல்லாம் வந்துவிட்டன. இந்த அட்டைதான் வரவில்லை. அதை இப்போது தேடுகிறவரே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேடல் திறமை என்று பெரிதாகப் பேசப்படுவதில் முக்கால் பங்கு இவ்வளவுதான்.

வராமல் போனதற்குக் காரணம் உண்டு. 1990-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்ச்சி என்ற தேடுபொறி, கோப்புகளின் பெயர்களை மட்டும் பட்டியல் போட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 1994-இல் தொடங்கிய யாஹூ நூலக வழியிலேயே போனது. மனிதர்கள் உட்கார்ந்து தளங்களை வகை பிரித்து அடுக்கினார்கள். தளங்கள் பெருகிய வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்கவில்லை. அந்த அடுக்கை 2014 கடைசியில் மூடிவிட்டார்கள். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா, பக்கத்தின் முழு வாசகத்தையும் சொல் சொல்லாகப் பிரித்துப் பட்டியலிட்டது. 1998-இல் கூகுள் வந்து, எந்தப் பக்கத்தை எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தியது. ‘எந்த இழுப்பறை?’ என்ற கேள்வி போய் ‘எந்தச் சொல்?’ என்ற கேள்வி வந்தது இப்படித்தான்.

சங்க நூல் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பின்பக்கங்களில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். முதல் அடி நினைவிருந்தால் பாட்டெண்ணைப் பிடித்துவிடலாம். நடுவில் வரும் ஒரு சொல்தான் நினைவிருக்கிறது என்றால் அது உதவாது, சொல்லடைவு வேண்டும்: இன்ன சொல் இன்ன இன்ன பாட்டில் வருகிறது என்ற பட்டியல். தேடுபொறியின் அடிவயிற்றில் இருப்பது ஒரு மாபெரும் சொல்லடைவுதான். நாம் பொத்தானை அழுத்தும் நொடியில் யாரும் உலகம் சுற்றித் தேடுவதில்லை. ஒரு நிரல் எப்போதோ பக்கம் பக்கமாக வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறது. அன்று அது எழுதிக்கொண்ட குறிப்பைத்தான் இன்று புரட்டுகிறோம்.

அதனால் அந்த நிரல் நுழைய முடியாத இடங்கள் தேடலில் வரவே வராது. கடவுச்சொல் கேட்கும் பக்கங்கள், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள், படிவம் நிரப்பினால் மட்டும் விடை தரும் நூலகப் பட்டியல்கள், நீதிமன்ற வழக்குப் பதிவுகள், நில ஆவணங்கள் எல்லாம் இதில் சேரும். இவற்றுக்குள் இருக்கும் தகவலை வெளியிலிருந்து தேடக் கூடாது. முதலில் அந்தக் களஞ்சியத்தின் பெயரைத் தேடிப் பிடித்து, உள்ளே போய், அங்கிருக்கும் பெட்டியில் தேட வேண்டும். இரண்டு படி. ஒரே படியில் முடிக்கப் பார்ப்பதால்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

எழுதியவர் சொல்லை ஊகிப்பது

தேடுபெட்டியில் கேள்வியைப் போடுவதைவிட, விடையில் இருக்கக்கூடிய வாக்கியத்தைப் போடுவது பலன் தரும். ‘சுகர் வந்தா கால் ஏன் மரத்துப் போகுது’ என்று கேட்டால், அதே மாதிரி கேட்டவர்களின் உரையாடல்கள் வந்து நிற்கும். ‘நீரிழிவு நரம்புச் சிதைவு’ என்றால் மருத்துவம் தெரிந்தவர்கள் எழுதியது வரும். இரண்டாவது சொற்றொடர் தெரியாதபோது முதல் தேடலின் வேலை விடை கண்டுபிடிப்பதல்ல, அந்தச் சொற்றொடரைக் கண்டுபிடிப்பதுதான். முதல் இரண்டு மூன்று பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் கலைச்சொல்லைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து இரண்டாவது தேடல். நன்றாகத் தேடுகிறவர்கள் முதல் தேடலில் விடை கிடைக்காவிட்டால் அலட்டிக்கொள்வதில்லை. அவர்களுக்கு அது வார்த்தை பொறுக்கும் சுற்று.

‘காண்க’ அட்டைகள் இன்னும் உயிரோடிருக்கும் இடங்கள் சில உண்டு. விக்கிப்பீடியாவின் வழிமாற்றுப் பக்கங்கள் அவற்றில் ஒன்று. ஒரு கட்டுரைக்கு எந்தெந்தப் பெயர்களிலிருந்து வழிமாற்று இருக்கிறது என்று பார்த்தால் அந்தப் பொருளின் மாற்றுப் பெயர்கள் மொத்தமும் கைக்கு வரும். தமிழ்க் கட்டுரையைத் திறந்து மொழிப் பட்டியலில் ஆங்கிலத்துக்குத் தாவினால், தலைப்பே துறைக்காரர்களின் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துவிடும். அகராதியைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அகராதி சொல்லுக்குச் சொல் தரும், இது பொருளுக்குப் பொருள் தரும். மருத்துவ ஆய்வுகளுக்கான பப்மெட் இன்னொன்று. அதில் பேச்சு வழக்கில் மாரடைப்புக்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், மருத்துவர்கள் எழுதும் சொல்லையும் தானாகவே சேர்த்துக்கொண்டு தேடும். பின்னால் நூலகர்கள் பராமரிக்கும் ஒரு சொற்பட்டியல் இருப்பதால் நடக்கும் காரியம் அது.

செடிகொடிகளுக்கு ஊர்ப்பெயரை வைத்துத் தேடுவது ஆபத்தும்கூட. ஒரே பெயரில் இரண்டு செடிகள் இருக்கும், ஒரே செடிக்கு ஐந்து பெயர்கள் இருக்கும். அறிவியல் பெயரைப் பிடித்துவிட்டால் எல்லா மொழிக்காரர்கள் எழுதியதும் ஒரே கயிற்றில் வந்துவிடும். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது: அறிவியல் பெயர்களும் மாறும். ஆவாரை இப்போது சென்னா ஆரிக்குலாட்டா. பழைய ஆய்வுகளில் அது காசியா ஆரிக்குலாட்டா. புதுப் பெயரை மட்டும் போட்டால் பழைய ஆய்வுகள் பெரும்பகுதி கண்ணில் படாமலே போகும்.

பொருட்களில் கோளாறு வந்தால் சொல்லை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. தயாரித்தவரே எழுதி ஒட்டியிருக்கிறார். சலவை இயந்திரத்தின் திரையில் ஈ4 என்று ஒளிர்ந்தால் அந்தக் குறியீட்டை மட்டும் தேடிப் பயனில்லை. ஒரு கம்பெனிக்கு அது தண்ணீர் வரவில்லை என்று பொருள், இன்னொன்றுக்குக் கதவு மூடவில்லை என்று பொருள். மாடல் எண் வேண்டும். முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில் கதவைத் திறந்தால் உள்விளிம்பிலும், ஃபிரிட்ஜில் உள்சுவரிலும், மடிக்கணினியில் அடிப்பக்கத்திலும் அந்த ஸ்டிக்கர் இருக்கும். முழு எண்ணுக்கு ஒன்றும் வராவிட்டால் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துப் பாருங்கள். வால் எழுத்துகள் பல சமயம் நிறத்தையோ விற்கப்படும் நாட்டையோதான் குறிக்கின்றன. ‘யூசர் மேனுவல்’ என்று சேர்த்தால் பொத்தான்களின் படம் வரும். ‘சர்வீஸ் மேனுவல்’ என்று சேர்த்தால் கழற்றும் வரிசையும் மின்சுற்றும் வரும். மின்பலகையில் உள்ள சில்லு என்றால் அதன் மேல் இருக்கும் எண்ணோடு ‘டேட்டாஷீட்’ (விவரத்தாள்) என்று சேர்க்க வேண்டும். சில்லில் தனியாக நான்கு இலக்கம் இருந்தால் அதைத் தேட வேண்டாம். பெரும்பாலும் அது தயாரான ஆண்டும் வாரமும்: 1432 என்றால் 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம்.

கணினியில் வரும் பிழைச் செய்திக்கும் அதே கணக்கு. செய்தியை அப்படியே ஒட்டித் தேடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் உங்களுக்கு மட்டும் சொந்தமான பகுதிகளை வெட்டிவிட வேண்டும்: பயனர் பெயர், கோப்புறைப் பாதை, தேதி, நேரம், நினைவக முகவரி. மாறாத வாசகத்தையும் பிழை எண்ணையும் மட்டும் மேற்கோள்குறிக்குள் போடுங்கள். மென்பொருளின் மொழியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வேலைக்காகவாவது ஆங்கிலத்துக்கு மாற்றிப் பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்கலாம். தமிழாக்கப்பட்ட பிழைச் செய்தியை உலகத்தில் வேறு யாருமே எங்கும் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

குறிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பழகினால் ஐந்து நிமிடம்.

மேற்கோள்குறிக்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில். ஒரு சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் வேண்டாம் என்று பொருள். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை செய்யாது. ஒரே தளத்துக்குள் தேட, ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று தட்டி முக்காற்புள்ளி வைத்து, தள முகவரியை ஒட்டினாற்போல் எழுத வேண்டும். இங்கும் இடைவெளி வந்தால் கெட்டது. அதே பாணியில் ‘ஃபைல்டைப்’ போட்டு பிடிஎஃப் என்று எழுதினால் பிடிஎஃப் கோப்புகள் மட்டும் வரும். அறிக்கைகள், அரசாணைகள், கையேடுகள், ஆய்வேடுகள் தேடும்போது இந்த ஒன்று குப்பையில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் ஆண்டு வரம்பு வைக்க. ‘அல்லது’ என்று சொல்ல ஆங்கில ‘ஆர்’, பெரிய எழுத்தில். கூகுளில் 32 சொல்லுக்கு மேல் போனால் மிச்சத்தை அது கண்டுகொள்ளாது.

தேடுபொறிகள் இப்போது தங்களுக்குள்ளேயே ஒருவகைக் ‘காண்க’ அட்டையை வைத்திருக்கின்றன. நாம் போட்ட சொல்லோடு ஒத்த சொல்லையும் சேர்த்துத் தேடும். சில சமயம் நம் சொல் ஒன்றை ஓசைப்படாமல் விட்டுவிடும். பல நாள் அது உதவிதான். ஆனால் நூலகரின் அட்டையை நாம் படிக்கலாம், தப்பென்றால் சொல்லலாம். இதைப் பார்க்கவே முடியாது. முடிவின் அடியில் ஒரு சொல்லின் மேல் கோடு கிழித்து, விடுபட்டது என்று காட்டினால், இந்த முடிவில் அந்தச் சொல் இல்லை என்று அர்த்தம். அந்தச் சொல்தான் உங்கள் கேள்வியின் உயிர் என்றால் அதை மேற்கோள்குறிக்குள் அடையுங்கள். கூகுளில் கருவிகள் பகுதிக்குள் ‘வெர்பேட்டிம்’ என்று ஒரு தேர்வு உண்டு. அது நாம் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும்.

லட்சக்கணக்கில் காட்டப்படும் முடிவுகளின் எண்ணிக்கையை வைத்து ‘இந்த எழுத்துக்கூட்டல்தான் சரி, இதுதான் அதிகம் புழங்குகிறது’ என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தோராயக் கணக்கு. கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தால் சில நூறிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாக் குறிகளையும்விட அதிகம் பயன்படுவது பக்கத்துக்குள் தேடும் கண்ட்ரோல்-எஃப். அறுபது பக்க அறிக்கையை உருட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கைபேசி உலாவியில் மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் அதே வசதி இருக்கிறது. யூடியூப் காணொளிகளில் விளக்கப் பகுதியை விரித்தால் பல காணொளிகளுக்கு முழு வசனமும் நேரக் குறிப்போடு எழுத்தில் கிடைக்கும். அதைத் திறந்து அதற்குள் தேடினால் நாற்பது நிமிடப் பேச்சில் வேண்டிய இருபது நொடிக்கு நேராகப் போய்விடலாம்.

தமிழில் தேடும்போது மட்டும் வரும் வில்லங்கங்கள்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நாலைந்து உருவம் என்றால் நமக்கு நூற்றுக்கணக்கில். மரம், மரத்தில், மரங்களை, மரத்திலிருந்தும்கூட என்று நீண்டுகொண்டே போகும். பொதுத் தேடுபொறிகள் இவற்றில் ஓரளவைச் சேர்த்துப் பார்க்கின்றன. பக்கத்துக்குள் தேடும் பெட்டியோ எழுத்துக்கு எழுத்து பார்க்கும். ‘மரம்’ என்று போட்டால் ‘மரத்தில்’ சிக்காது. ‘மர’ என்று போட்டால் எல்லாம் சிக்கும், கூடவே ‘மரபு’ம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒற்று மிகுவதும் மிகாததும், சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும் எழுதியவர் கையில். மேற்கோள்குறி போட்டு ‘கணினிக் கல்வி’ என்று தேடினால் ‘கணினி கல்வி’ என்று எழுதியவர் நழுவிவிடக்கூடும். தமிழில் மேற்கோள்குறிக்குள் இரண்டு சொல்லுக்கு மேல் போடாமலிருப்பது நல்லது.

கடன்சொற்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. இன்டர்நெட், இண்டர்நெட், இணையம். ஃபேஸ்புக், பேஸ்புக், முகநூல். கணினி, கணனி, கம்ப்யூட்டர். இதில் ‘கணனி’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள் என்பதால், அந்த ஓர் எழுத்து மாற்றம் வேறொரு நாட்டின் எழுத்துகளையே திறந்துவிடும்.

கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள் இன்னொரு தொல்லை. ‘ஔவையார்’ என்பதில் முதல் எழுத்து ஔ என்ற ஓரெழுத்தா, ஒ, ள என்ற இரண்டெழுத்தா? அச்சில் வித்தியாசமே தெரியாது. தேடலில் இரண்டும் இரண்டு ஆட்கள். ‘அவ்வையார்’ மூன்றாவது ஆள். ‘ஸ்ரீ’யும் அப்படியே. ஸ-வில் தொடங்கியும் அதை எழுதலாம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில், 2005-இல் 4.1 பதிப்பில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்தான். பெயர்ப் பட்டியலில் ஒருவரைத் தேடிக் காணவில்லை என்றால் இந்த இரண்டையும் மாற்றிப் பார்க்காமல் இல்லையென்று முடிவு கட்டக் கூடாது. தமிழ் எண் ௧-ஐயும் க-வையும், ௨-ஐயும் உ-வையும் மாற்றித் தட்டியிருக்கும் பழைய மின்னூல்களும் உண்டு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இருட்டறை, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த கோப்புகள். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. திரையில் அழகான தமிழ் தெரியும். சொல்லடைவைப் பொறுத்தவரை அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். புள்ளி வைத்த எழுத்துக்குப் பாமினியில் அரைப்புள்ளி அடிப்பார்கள். தேடுபொறிகள் நிறுத்தற்குறிகளைத் தூக்கி எறிவதால் அந்தச் சொற்கள் பாதியில் துண்டாகிவிடும். அலுவலக அறிக்கைகள், மலர்கள், ஆய்வேடுகள் என்று ஏராளமானவை இன்றும் இந்த நிலையில் கிடக்கின்றன. சோதித்துப் பார்ப்பது சுலபம்: பிடிஎஃபிலிருந்து இரண்டு வரியை நகலெடுத்து வெற்று நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கிலக் கிறுக்கல் வந்தால் பழைய எழுத்துரு. பாமினி, திஸ்கி, டேப், டாம் ஆகிய பழைய முறைகளை யூனிகோடாகவும், திருப்பியும் மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பு கையில் இருந்தால், தேட வேண்டிய சொல்லை யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, வரும் கிறுக்கலைக் கண்ட்ரோல்-எஃப் பெட்டியில் ஒட்டுங்கள். நேராகப் போய் நிற்கும்.

ஒன்றையுமே நகலெடுக்க முடியவில்லை என்றால் அது எழுத்தே அல்ல, பக்கத்தின் புகைப்படம். கூகுள் டிரைவில் ஏற்றி, வலச் சொடுக்கில் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாறி வரும். ன, ள, ண மூன்றும் இடம் மாறும், துணைக்காலும் ர-வும் குழம்பும். அதனால் அந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுவது ஒரு தந்திரம்.

கிடைத்ததை எடை போடுவது

நூலகத்தில் ஒரு புத்தகம் அலமாரிக்கு வருவதற்கு முன் பதிப்பாளர், வாங்கும் நூலகர் என்று சிலர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். இங்கே அந்த வேலையும் தேடுகிறவர் தலையில்தான். இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் ஒரு தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்து, அதன் அழகான முகப்பிலும் ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலும் ஏமாந்தார்கள். தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துத் தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைவாகப் படித்து, சரியான முடிவுக்கு வந்தார்கள். ஒரு ஆளைப் பற்றி விசாரிக்க அவர் வீட்டிலேயே போய் விசாரிக்கலாமா? தெருவில் விசாரிக்க வேண்டும்.

தெருவிலும் எல்லாரும் ஒரே ஆளிடம் கேட்டதைத்தான் சொல்கிறார்கள் என்றால் அது ஒரே சாட்சிதான். 2008-இல் ஒருவர் விளையாட்டாக விக்கிப்பீடியாவில், கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்குப் ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என்று எழுதிவிட்டார். செய்தித்தாள்கள் எடுத்தாண்டன, புத்தகங்களில் ஏறியது, பிறகு அவற்றையே ஆதாரமாகக் காட்டி விக்கிப்பீடியாவில் அது நிலைத்தது. 2014-இல்தான் கதை வெளியே வந்தது. ஒரு தகவல் பத்து இடத்தில் இருப்பதைக் கண்டால், ஒவ்வொன்றும் யாரைச் சுட்டுகிறது என்று பின்னோக்கிப் போங்கள். விக்கிப்பீடியாவில் வரலாறு தாவலைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பார்க்கலாம். அந்தத் தேதிக்கு முந்தைய ஆதாரம் ஒன்றாவது வேண்டும். இங்கேதான் ‘பிஃபோர்’ குறி கைகொடுக்கும்.

படங்களை, படத்தை வைத்தே தேடும் டின்ஐ தளத்தில் ஏற்றி, பழையது முதலில் என்று வரிசைப்படுத்தினால், நேற்றைய வெள்ளம் என்று சுற்றும் படம் ஆறு வருடத்துக்கு முன்பே வலம் வந்தது தெரிந்துவிடும். ஏற்றுவதற்கு முன் மேலே ஒட்டியிருக்கும் எழுத்தையும் ஓரச் சட்டங்களையும் வெட்டிவிடுங்கள். இடவலம் புரட்டிய படம் பொறிக்குப் பிடிபடாமல் போகலாம். ஒன்றும் வராவிட்டால் புரட்டி ஒரு முறை ஏற்றிப் பாருங்கள்.

பக்கங்கள் செத்தும் போகின்றன. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. கூகுள் தன் சேமிப்பு நகல் வசதியையும் அதே ஆண்டில் எடுத்துவிட்டது. மிச்சம் இருக்கும் பெரிய கதவு, 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் 2001-இல் பொதுவில் திறந்த வேபேக் மெஷின். செத்த முகவரியை அங்கே ஒட்டினால் தேதி வாரியாக நகல்கள் தெரியும். முழு முகவரிக்கு ஒன்றும் இல்லையென்றால் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதை வெட்டி ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். பழைய முகப்புப் பக்கம் வழியாக உள்ளே இறங்க முடியும். உங்களுக்கு முக்கியமான பக்கத்தை இன்றே அங்கே சேமிக்கவும் செய்யலாம். குறிப்பேட்டில் முகவரியை மட்டும் எழுதி வைப்பது போதாது. தலைப்பு, பார்த்த தேதி, அந்தப் பக்கத்தில் மட்டும் வரக்கூடிய ஏழெட்டுச் சொல் கொண்ட ஒரு தொடர், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் பக்கம் வேறு முகவரிக்குக் குடிபோனாலும் பிடித்துவிடலாம்.

இப்போது பலர் தேடுபெட்டியை விட்டுவிட்டு சாட்ஜிபிடி வகையறாக்களிடம் கேட்கிறார்கள். சொல்லை ஊகிக்கும் தொல்லை அங்கே இல்லை. ‘கால் ஏன் மரத்துப் போகுது’ என்று கேட்டாலே போதும். சொல்லை நாம் தேட வேண்டாம் என்றான அதே இடத்தில், சொன்னவர் யார் என்பதும் மறைந்துவிடுகிறது. ஆதாரம் கேட்டால் ஆதாரம் போலவே தோன்றும் ஒன்றையும் அது எழுதித் தரும். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், அப்படிக் கிடைத்த, நடக்கவே நடக்காத ஆறு வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அது தந்த கட்டுரைத் தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுள் ஸ்காலரில் தேடினால் உண்டா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உண்மையாகவே இருந்தாலும் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இருக்கும் கட்டுரை இல்லாத கருத்தைச் சொல்வதாக எழுதுவதும் அதற்குக் கைவந்த கலை.

அதனிடம் விடை கேட்பதைவிட அட்டை கேட்பது உத்தமம். ‘இந்தக் கோளாறைப் பற்றி எழுதும் மருத்துவர்கள் என்னென்ன சொற்களைப் பயன்படுத்துவார்கள்? தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்துச் சொல் கொடு’ என்று கேளுங்கள். அதில் இரண்டு தப்பாக இருந்தாலும் நட்டமில்லை. தப்பான சொல்லைத் தேடுபெட்டியில் போட்டால் ஒன்றும் வராது, அத்தோடு போச்சு.

ஒன்றும் வராமல் போவதையும் சரிபார்க்க வழி இருக்கிறது. ஒரு களஞ்சியத்தில் ‘இல்லை’ என்று பதில் வந்தால், அங்கே நிச்சயமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றை அதே முறையில், அதே பெட்டியில் தேடுங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு பெட்டியிலோ எழுத்துக்கூட்டலிலோ. பிடிஎஃப் என்றால் கண்ணெதிரே தெரியும் ஒரு சொல்லை அதற்குள்ளேயே தேடிப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் என்றால் தலைக்கட்டில் தெரியும் முதல் பெயரை. தெரிந்தது வந்து, தேடியது வரவில்லை என்றால் அடுத்த சொல்லுக்குப் போகலாம்.